எனக்கு நற்செய்தி சொன்னவர்கள்

நைஜீரியாவில் நான் வாத்தியார் வேலை பார்த்த காலத்தில் என்னை மனந்திருப்ப முயன்றவர்களுக்குக் கணக்கே கிடையாது. பள்ளிக் காவலாளி, இயற்பியல் ஆசிரியர், துணைத் தலைமை ஆசிரியரின் மனைவி, சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்ற அம்மாள், நான்காம் படிவத்துப் பையன்கள், ஒருமுறை லேகோஸ் போகும் பேருந்தில் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு டயர் வியாபாரி. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். இயேசுவைத் தெரியுமா?

நான் மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துக்காரன். 192 அடி உயரத்துக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் தேரிக்காட்டில் நிற்கிற ஊர் அது. என் தாத்தா உபதேசியார். அவருக்கு முந்தியவர்கள் எப்போது ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லாத அளவுக்குப் பழைய கிறிஸ்தவர்கள். இதை எல்லாம் அந்த டயர் வியாபாரியிடம் விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்கள் தாத்தா கதை. உங்களைப் பற்றி அல்லவா கேட்டேன்" என்றார்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தியன் என்றால் மந்திரவாதி என்ற எண்ணம் அங்கே ஊறிப்போயிருந்தது. கொட்டகைகளில் இந்திப் படங்கள் ஓடின. பெண் பாம்பாக மாறும் காட்சியைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், அந்த வித்தையை எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அடக்கமாக என்னிடம் விசாரித்தார்கள். இந்தியாவிலிருந்து தபாலில் வரும் மோதிரம், தைலம், ஊதுபத்தி இவற்றுக்குத் தேர்வில் தேர்ச்சி தரும் சக்தி இருப்பதாகப் பேச்சு. என் வீட்டுக் கொசுவர்த்திச் சுருளைக்கூடச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது 1980-இல். பெட்ரோல் பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரம். நைரா அன்று டாலரைவிட மதிப்பு அதிகம். 1976-இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்று அரசு அறிவித்திருந்தது. 1979-இல் யொருபா இனத்தவர் வாழும் மாநிலங்களில் ஆட்சிக்கு வந்த கட்சி உயர்நிலைப் பள்ளியையும் இலவசமாக்கியது. ஒரே ஆண்டில் வகுப்பறைகள் பிதுங்கின. கானாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆசிரியர்களை இறக்கினார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், கோட்டயம் பக்கமிருந்து கணக்கும் அறிவியலும் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனோம். சம்பளத்துக்காகத்தான் போனோம். ஊழியத்துக்கு என்று சொன்னால் ஊரே சிரிக்கும்.

எனக்குக் கிடைத்த ஊர் இலேஷா. அப்போது ஓயோ மாநிலத்தில் இருந்தது. சிவப்பு மண், துருவேறிய தகரக் கூரைகள், சுற்றிலும் கோக்கோ தோட்டங்கள். பள்ளி முன்பு மிஷன் பள்ளி. எழுபதுகளில் அரசு எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது. காலைக் கூடுகையில் அதே கீர்த்தனைப் புத்தகம், அதே ஜெபம். பாதிப் பிள்ளைகள் முஸ்லிம்கள், அவர்களும் சேர்ந்து பாடினார்கள், சில நேரம் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிடச் சுருதி சுத்தமாக.

முதல் ஞாயிறு ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குப் போனேன். மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எப்போது எழவேண்டும், எப்போது முழங்காலிடவேண்டும், எந்த இடத்தில் ஆமென் வரும் என்பது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பாமாலை ராகங்களும் நம் ராகங்களே. பக்கத்தில் இருந்த பெரியவர் வியந்துபோய்த் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் காணிக்கை நேரம் வந்தது. அங்கேதான் மெய்ஞ்ஞானபுரம் முடிந்து இலேஷா தொடங்கியது. பேசும் முரசு முழங்க, சங்கம் சங்கமாக எழுந்து, தலைத்துணி விறைக்க, அகண்ட அங்கி தோளில் சரிய, ஆடிக்கொண்டே பீடத்துக்குப் போனார்கள். போனவர்கள் உடனே திரும்பவில்லை. முன்னால் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் வந்தார்கள். என் தாத்தா பார்த்திருந்தால் ஆலயத்தை விட்டு வெளியேறி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வேண்டுமானால் உள்ளே வந்திருப்பார். சேனை பருமனில் யாம் கிழங்குகள், வாழைத் தார், கோழி, கால் கட்டிய ஆடு என்று ஆலயத்துக்குள் குவித்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டார்கள். ஒரு முட்டையை மூன்று பேர் போட்டி போட்டு ஆட்டின் விலைக்கு ஏற்றினார்கள். வாங்கியவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார். எங்கள் பக்கத்துச் சாயர்புரத்திலும் நாசரேத்திலும் நான் சிறுவயதில் பார்த்த அதே வேடிக்கை, அதே வீறாப்பு. லண்டனிலிருந்து இரண்டு கண்டங்களுக்கும் போன ஐயர்மார் இதைக் கற்றுக்கொடுத்தார்களா, இரண்டு ஊர்ச் சனங்களும் தாங்களாகவே கண்டுபிடித்தார்களா என்று யோசித்திருக்கிறேன். ஏலத்தில் விலை ஏற்றுவதற்கு யாருக்கும் மிஷனெரி தேவையில்லை என்பதே என் கட்சி.

அந்த ஆலயத்தின் பின்னறையில் ஒரு படம் தொங்கியது. வெள்ளைத் தாடி, பேராயர் உடை, கறுத்த, களைத்த முகம். சாமுவேல் அஜாயி கிரௌதர். பெயரை அறிந்திருந்தேன், கதையை அங்கேதான் முழுதாகக் கேட்டேன். சொன்னவர் ஆலயத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. கிரௌதரைத் தன் பெரியப்பாவைப் போல உரிமையோடு பேசுவார்.

1821-இல் ஓஷோகுன் என்ற ஊரை அடிமை பிடிப்பவர்கள் சூழ்ந்தபோது அஜாயிக்கு வயது பன்னிரண்டு இருக்கும். தாயோடும் தங்கைகளோடும் பிடிபட்டான். பிறகு தனித்தனியாக விற்கப்பட்டார்கள். கைமாறிக் கைமாறி லேகோஸ் கடற்கரைக்கு வந்து, போர்த்துக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மடக்கிப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைச் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கியது. அங்கே படித்தான், ஞானஸ்நானம் பெற்றான், 1827-இல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவனானான்.

1841-இல் நைஜர் ஆற்றில் பிரிட்டிஷ் பயணக் குழு ஒன்று ஏறிப் போனது. கிரௌதரும் அதில் இருந்தார். காய்ச்சல் வெள்ளையர்களை வாரிச் சுருட்டியது. சுமார் 40 பேர் மாண்டார்கள். உள்நாட்டுக்கு ஐரோப்பியரை அனுப்பிப் பயனில்லை, ஆப்பிரிக்கரே போகட்டும் என்ற பேச்சு லண்டனில் வலுத்தது அதற்குப் பிறகுதான். தபால் அதிகாரி இந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார். "எங்களுக்குப் பேராயர் கிடைத்ததற்குக் கொசுவுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும்" என்பார்.

ஆனால் அஜாயி போன்றவர்கள் யாரும் அனுப்பாமலே திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். ஃப்ரீடவுனில் விடுதலை பெற்ற யொருபாக்கள், துணி வியாபாரமோ தச்சுவேலையோ செய்து சேர்த்த காசில் கப்பலேறி, தங்களை விற்ற அதே கடற்கரையில் வந்து இறங்கினார்கள். பதாக்ரியிலும் அபேயோகுட்டாவிலும் முதல் ஜெபக்கூட்டங்களை நடத்தியவர்கள் அவர்கள். எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்டு எழுதியதும் அவர்களே. மிஷனெரி வந்து பார்த்தபோது சபை அவருக்காகக் காத்திருந்தது. மிஷன் வரலாறு என்று நாம் ஞாயிறு பள்ளியில் படித்தது எல்லாம் கப்பலிலிருந்து தொப்பியோடு இறங்கியவரிடமிருந்து தொடங்கும். கரையில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம்.

கிரௌதர் 1846-இல் அபேயோகுட்டாவில் தன் தாயைக் கண்டுபிடித்தார். பிரிந்து இருபத்தைந்து ஆண்டுகள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அம்மாளுக்கு ஞானஸ்நானம், அன்னாள் என்று பெயர். தபால் அதிகாரி இந்தப் பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லமாட்டார். யொருபாவில்தான் சொல்லுவார், பிறகு சுருக்கமாக எனக்கு மொழிபெயர்ப்பார்.

1864-இல் காண்டர்பரியில் கிரௌதர் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர். இதற்குப் பின்னால் இருந்தவர் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென். ஒரு சபை தன் செலவைத் தானே பார்க்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தானே பரவவேண்டும், மிஷனெரி மூட்டை கட்டவேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை அவர் சோதித்துப் பார்த்த இரண்டு முக்கியமான இடங்கள் சியரா லியோனும் எங்கள் திருநெல்வேலியும். இலேஷாவில் ஒரு பின்னறையில், ஈரத்தில் நைந்த ஒரு பழைய புத்தகத்தில், நைஜர் என்ற பெயருக்கு அடுத்த பக்கத்திலேயே 'டின்னவேலி' என்று அச்சாகியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது பெருமையா எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை. லண்டனில் ஒரே மேசையில் இரண்டு கோப்புகளாக இருந்திருக்கிறோம்.

கிரௌதருக்குக் கொடுத்த மறைமாவட்டமே ஒரு சூழ்ச்சி. அபேயோகுட்டாவும் இபாதானும் அதில் சேரவில்லை. அங்கிருந்த வெள்ளை மிஷனெரிகள் ஒரு கறுப்பருக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். ஆகவே சொந்தச் சனங்களை விட்டு, மொழி தெரியாத நைஜர் ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே முழுக்க ஆப்பிரிக்க ஊழியர்களை வைத்தே மிஷன் நடத்தினார். இடையே யொருபா வேதாகமத்தையும் 1884-இல் முடித்துக்கொடுத்தார். 1890-இல் இளம் ஆங்கிலேயர்கள் சிலர் சூட்டோடு வந்தார்கள். கிரௌதரின் ஊழியர்களின் ஒழுக்கத்தை விசாரித்தார்கள். ஒனிட்ஷாவில் கூடிய குழுவில், எண்பது வயது பேராயரை எதிரே வைத்துக்கொண்டே, அவருடைய குருமாரைப் பணிநீக்கம் செய்தார்கள். அவர் எழுந்து குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31 அன்று லேகோஸில் இறந்தார். அவர் இடத்துக்கு ஓர் ஆங்கிலேயரை அனுப்பினார்கள். மறுபடி ஓர் ஆப்பிரிக்கர் சொந்த மறைமாவட்டத்தோடு பேராயராக அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 2014-இல் காண்டர்பரியில் இதற்காக மன்னிப்புக் கேட்டு ஆராதனை நடத்தினார்கள் என்று படித்தேன். தபால் அதிகாரி அதைப் பார்க்க இருந்திருக்கமாட்டார்.

எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானது 1912-இல். கிரௌதருக்கு 48 ஆண்டுகள் கழித்து. இவ்வளவு இடைவெளி ஏன் என்பதற்கு நைஜரில் நடந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அசரியா முன்நின்று 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, வெள்ளையர் பணம் இல்லாமல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார். இதை நான் சொன்னதும் தபால் அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பணம் வாங்கவில்லையா? ஒரு காசுகூட?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இனி இலேஷாவின் சொந்தக் கதை. ஊரின் ஒரு மேட்டுக்கு ஓக்கே-ஓயே என்று பெயர். 1930 ஜூலையில் அங்கே கூடிய கூட்டம் யொருபா நாட்டின் கிறிஸ்தவத்தையே புரட்டிப் போட்டது. நடத்தியவர் குருமடம் எதையும் பார்த்திராத ஜோசப் பாபலோலா. பொதுப்பணித் துறையில் சாலை உருளை ஓட்டியவர். 1928-இல் வேலை நடுவே உருளை நின்றுபோக, தன்னைப் பெயர் சொல்லி அழைத்த குரலைக் கேட்டதாகச் சொல்லி வேலையை விட்டார். கையில் ஒரு மணி. ஓக்கே-ஓயேயில் செத்த பிள்ளை எழுந்தது என்பது அவர் சபையார் சொல்வது. அதை நான் நம்புகிறேனா என்பது இருக்கட்டும். பல திசைகளிலிருந்தும் சனங்கள் ஜெபித்த தண்ணீருக்காகப் பாத்திரங்களோடு வந்ததும், தெய்வச் சிலைகளைக் குவித்து எரித்ததும், அரசாங்கம் பதறியதும் நடந்தவை. 1932-இல் சூனியக்காரர் என்று சிலரைக் காட்டிக்கொடுத்த குற்றத்துக்காக அவரைப் பெனினில் சிறை வைத்தார்கள்.

இவர்களுக்கு அலாதுரா என்று பெயர், ஜெபிக்கிறவர்கள். இந்த இயக்கத்தின் வேர் 1918-இன் விஷக்காய்ச்சலில் இருக்கிறது. சனங்கள் ஈசல்போல விழுந்தபோது, ஆங்கிலிக்கன் ஆலயக் கதவுகள் சாத்தியிருந்தபோது, இஜேபு-ஓடேயில் சிலர் கூடி ஜெபித்தார்கள். மருந்து வேண்டாம், ஜெபமும் தண்ணீரும் போதும் என்றார்கள். பிறகு பிரிட்டனிலிருந்து பெந்தெகொஸ்தே சபை ஒன்றைத் தாங்களே கூப்பிட்டு இணைந்தார்கள். அங்கிருந்து மிஷனெரிகள் வந்தார்கள். வந்தவர்கள் மலேரியாவுக்குப் பயந்து கொய்னா மாத்திரை விழுங்குவதைச் சபையார் பார்த்துவிட்டார்கள். தெய்வம் குணமாக்கும் என்று பிரசங்கிக்கிறவன் மாத்திரை விழுங்கலாமா? 1930-களின் இறுதியில் இந்தக் கேள்வியிலேயே உறவு முறிந்தது. பாபலோலாவின் பக்கம் கிறிஸ்து அப்போஸ்தல சபையாகப் பிரிந்து நாடெங்கும் பரவியது. வெள்ளை மிஷனெரியை விசுவாசக் குறைவுக்காக ஒதுக்கிவைத்த சபை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

எங்கள் இயற்பியல் ஆசிரியர் அந்தச் சபை. எனக்கு மலேரியா வந்து போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தபோது, இரவு பத்து மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். என் தலைமாட்டில் குளோரோகுயின் அட்டை இருந்தது. அதை அவர் பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். அந்த மாத்திரை அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு உடம்பெங்கும் தாங்கமுடியாத அரிப்பைக் கொடுக்கும். விசுவாசத்துக்கு வெளியேயும் அதை வெறுக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று, அறையின் நான்கு மூலைக்கும் கேட்கும்படி, என் காய்ச்சலை அதட்டினார். முடித்துவிட்டு, "மாத்திரையைத் தண்ணீரோடுதானே விழுங்கவேண்டும், இந்தத் தண்ணீரில் விழுங்குங்கள்" என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பெருமை யாருக்கு என்று இருவரும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை.

மருந்தை வெறுத்த அதே ஊரில்தான் மெத்தடிஸ்டுகளின் வெஸ்லி கில்டு மருத்துவமனையும் இருந்தது. ஐம்பதுகளின் பின்பாதியில் அங்கே டேவிட் மார்லி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இலேஷாவிலும் இமேசி என்ற கிராமத்திலும் குழந்தைகள் தட்டம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் சாவதைப் பார்த்து, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று தனி மருத்துவப் பிரிவை அமைத்தார். அதிகம் படிக்காத உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, முக்கால் வேலையை அவர்களிடமே விட்டார். மாதாமாதம் எடை பார்த்து, ஓர் அட்டையில் புள்ளி வைத்து, கோடு மேலே போகிறதா கீழே சரிகிறதா என்று தாய்க்குக் காட்டுவது. அந்த அட்டை மருத்துவமனையில் இருக்காது, தாயின் வீட்டில் இருக்கும். நம் அங்கன்வாடியில் குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு எழுதுகிற வளர்ச்சி அட்டையின் மூதாதை அதுதான். என் மனைவி வந்து, இரண்டாவது பிள்ளை அங்கே பிறந்தபோது எங்களுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். மிஷன் வேலைகளில் எது மிஞ்சும் என்று யாராவது என்னிடம் கேட்டால் ஆலயக் கோபுரங்களுக்கு முன்னால் இந்த அட்டையைச் சொல்வேன். பிரசங்கிகளுக்கு இது பிடிக்காது.

என் மாணவர்களுக்கோ ஆலயம், மருத்துவமனை இரண்டுமே பெரியவர்கள் சமாச்சாரம். அவர்களுக்கு எல்லாம் ஐக்கியக் கூட்டந்தான். சாப்பாட்டு இடைவேளையில் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஜெபம், வெள்ளி இரவு முழுக்க விழிப்பு, சனிக்கிழமை கிராம ஊழியம். பல்கலைக்கழகங்களில் இது எழுபதுகளிலேயே தீப்பிடித்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து பட்டதாரிகளை ஓராண்டு வேறு மாநிலத்தில் சேவை செய்ய அனுப்பும் திட்டம் வந்ததும், தெற்கத்திப் பிள்ளைகள் வடக்கே போய்ப் பார்த்தார்கள். 1975-இல் ஸாரியாவில் அப்படிப் போனவர்கள் சிலர் சொந்தமாக ஒரு மிஷனெரி இயக்கத்தையே ஆரம்பித்துவிட்டார்கள். லேகோஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த குமுயி 1973-இல் தன் வீட்டில் பதினைந்து பேரோடு தொடங்கிய வேதபாட வகுப்பு ஒரு மாபெரும் சபையாக வளர்ந்துகொண்டிருந்தது. 1981-இல் ரிடீம்டு சபையின் தலைமைக்கு வந்த அடேபோயேவும் கணித விரிவுரையாளர், எங்கள் பக்கத்து இஃபேவாராக்காரர், இலேஷா இலக்கணப் பள்ளியில் படித்தவர். இவ்வளவும் தெரிந்த மாணவன் ஒருவன், "சார், நீங்களும் கணக்குதானே, எப்போது ஊழியத்துக்கு வருகிறீர்கள்?" என்று கரும்பலகை துடைக்கும்போது கேட்டான். வகையீடு முடியட்டும் என்றேன்.

அவன்தான் என்னை ஒரு சனிக்கிழமை கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். கோக்கோ மூட்டை ஏற்றும் லாரியின் பின்புறத்தில் நின்றபடி, பாட்டும் கைதட்டுமாக. காட்டுக்கு நடுவே இருபது முப்பது வீடுகள். முரசு அடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் நாற்பது வயது ஆட்களிடம் பாவத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசுவதற்கு முன் யொருபா முறைப்படி அவர்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கிவிட்டுத்தான் பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. விழுந்து எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, நரகத்தைப் பற்றி எச்சரிப்பது.

ஈஃபா குறி சொல்லும் கிழவர் ஒருவர் திண்ணையில் இருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுப் பையன்களுக்குப் பனங்கள் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் தொடவில்லை. நான் ஒரு வாய் குடித்தேன். தேரிக்காட்டுக்காரனுக்கு அதில் என்ன கூச்சம். கிழவர் சொன்னார்: "உங்கள் தெய்வத்துக்கும் இந்த வீட்டில் ஓர் இடம் கொடுக்கிறேன் என்கிறேன். மற்றவர்களை வெளியே அனுப்பினால்தான் வருவேன் என்கிறதே. விருந்துக்கு வந்தவர் அப்படிக் கேட்கலாமா?" பையன்கள் வேதவசனம் ஒன்றைச் சொன்னார்கள். அது பதிலாக எனக்குப் படவில்லை. எங்கள் பக்கத்தில் சுடலைமாடன் பீடங்களை இடித்து ஜெபவீடு கட்டியதைப் பெருமையாகச் சொல்லும் கதைகளில் வளர்ந்தவன் நான். பீடத்துக்காரர்களில் ஒருவர் என்ன கேட்டிருப்பார் என்பது அந்தக் கதைகளில் வராது.

அங்கிருந்து ஓஷோக்போ பக்கந்தான். அங்கே ஆஸ்திரியாவில் பிறந்து 1950-இல் நைஜீரியாவுக்கு வந்த சுசான் வெங்கர் என்ற ஓவியர், யொருபா தெய்வங்களின் பூசாரியாகி, ஓஷுன் ஆற்றங்கரைச் சோலையில் சிலைகள் எழுப்பிக்கொண்டிருந்தார். யொருபா பிள்ளைகள் அந்தத் தெய்வங்களை எரித்துக்கொண்டிருக்க, ஐரோப்பியப் பெண் அவற்றைக் காப்பாற்றினார். 2005-இல் யுனெஸ்கோ அந்தச் சோலையை உலகப் பாரம்பரியமாக்கியது. ஒருமுறை மாணவர்களிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவருக்கு நற்செய்தி சொல்லப் போகலாம் என்று உடனே திட்டம் போட்டார்கள்.

என் வீட்டுக்கு அடுத்த வீட்டு அல்ஹாஜிக்கு இரண்டு மகன்கள் முஸ்லிம், ஒரு மகள் மெத்தடிஸ்ட். பக்ரீத்துக்குக் கிடாய்க்கறி எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுச் சோறு அவர் வீட்டுக்குப் போகும். 1982-இல் மண்டைக்காட்டுச் செய்தி கடிதத்தில் வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்து விசாரித்தார். கோயில் திருவிழாவில் தொடங்கியது, கடற்கரைக் கிறிஸ்தவர்களும் இந்துக்களும், துப்பாக்கிச்சூடு வரை போயிற்று என்றேன். "அங்கே மகள்களை மாற்றி மாற்றிக் கட்டிக்கொடுப்பதில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் கஷ்டம் என்றார். அவர் சொன்ன மருந்து யொருபா நாட்டுக்கு வெளியே அவ்வளவு செல்லுபடியாகவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகு, 1987-இல், வடக்கே கஃபான்சான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவர்களின் நற்செய்திக் கூட்டம் ஒன்றில் பேசியவர் குர்ஆனைத் திரித்தார் என்று மூண்ட சண்டை, கதுனா மாநிலம் முழுக்கப் பரவி ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் தின்றது. கூட்டம் நடத்தியவர்கள் என் மாணவர்களின் வயதுப் பிள்ளைகள். அதே பாட்டைத்தான் பாடியிருப்பார்கள்.

எண்ணெய் விலை சரிந்து நைராவும் சரிந்தது. 1983 ஜனவரியில் கானாக்காரர்களை இலட்சக்கணக்கில் துரத்தினார்கள்; கட்டம் போட்ட பெரிய பைகளோடு எல்லைக்கு நடந்தார்கள். பக்கத்து அறைக் கானா ஆசிரியர் வேதியியல் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார், மீதியை நான் நடத்தினேன். எங்கள் முறையும் வந்தது. சம்பளம் மாதக்கணக்கில் நின்றபோது கிளம்பிவிட்டோம்.

கரும்பலகை துடைத்த அந்தப் பையன் இப்போது வடக்கு இங்கிலாந்தில் ஒரு தொழில் நகரத்தில் போதகர். மெத்தடிஸ்டுகள் ஆள் இல்லாமல் விற்ற சிற்றாலயத்தை அவன் சபை வாங்கியிருக்கிறது. பகலில் பேருந்து நிறுவனத்தில் கணக்கு வேலை, அதில் வரும் சம்பளத்தில்தான் குடும்பம். ஹென்றி வென் பார்த்தால் மகிழ்ந்துபோவார். சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறான். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு அடுத்த குப்பைத்தொட்டியில் போடுகிறார்களாம், கிழித்துப் போடுவதில்லை, மரியாதைக்காரர்கள் என்றான்.

ஆங்கிலேயர் யாராவது சபைக்கு வருகிறார்களா என்று கேட்டேன்.

"ஒரு பாட்டி வருகிறார் சார். எண்பத்தைந்து வயது. இதே ஆலயத்தில் கல்யாணம் கட்டியவர். காது சுத்தமாகக் கேட்காது. முன்பு இருந்த போதகர் பேசியது ஒன்றும் கேட்காதாம். எங்கள் ட்ரம்ஸ் கேட்கிறதாம், அதனால் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை."

காணிக்கை நேரத்தில் ஆடுவாரா என்றேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார், அது முடியட்டும் சார் என்றான்.